பெட்டியில் ஒரு கனம், கையில் ஒரு கனம்

வாசகர் கேள்வி-பதில்

சென்ற இதழின் உடற்பயிற்சிப் பக்கத்தில் ஹேண்ட் கிரிப்பரை, அதாவது சுருள் ஸ்பிரிங்கில் மாட்டிய இரண்டு கைப்பிடியும் தொடும்வரை ஒரு கையால் அழுத்தி மூடும் கருவியைப் பற்றி வந்தது இரண்டே வரி. வந்த கேள்விகளோ ஒரு கட்டு. பெரும்பாலானவை ஒரே புலம்பல்தான்: போட்டிருக்கும் நம்பர் ஒன்று, கைக்குத் தெரிவது வேறு. அவற்றில் சில இங்கே.

கேள்வி: ஒரே நிறுவனம், ஒரே மாடல், பெட்டியில் ஒரே 200 பவுண்டு. முதலில் வாங்கியதை வலக்கையால் நான்கு தடவை மூடுகிறேன். ஜிம் பையில் போட்டுவைக்க இன்னொன்று வாங்கினேன். அது ஒரு விரல் இடைவெளியில் நின்றுவிடுகிறது, ஒரு தடவைகூட மூடவில்லை. இரண்டாவது போலியா? – வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: போலி என்று சொல்ல இது போதாது. ஒரே பட்டறையில், ஒரே நாளில் செய்த இரண்டு கிரிப்பருக்குள்ளேயே இந்த அளவு வித்தியாசம் வரலாம். எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்.

முதல் குற்றவாளி ஸ்பிரிங் கம்பியின் தடிமன். முறுக்கு ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்றபடி கூடும். அதாவது விட்டம் 1 விழுக்காடு கூடினால் விறைப்பு 4 விழுக்காடு கூடும். ஒரு ஸ்பிரிங் 6.0 மி.மீ. கம்பியிலும் இன்னொன்று 6.1 மி.மீ. கம்பியிலும் சுற்றப்பட்டிருந்தால், கண்ணுக்குத் தெரியாத அந்தப் பத்தில் ஒரு மில்லிமீட்டர் கைக்கு 7 விழுக்காடு கனமாகத் தெரியும். சுருளின் விட்டமும் சுற்று எண்ணிக்கையும்கூடக் கணக்கில் வரும். சுருள் சிறுத்தால் விறைப்பு கூடும், சுற்று கூடினால் விறைப்பு குறையும். ஆனால் இவை 1 விழுக்காட்டுக்கு 1 விழுக்காடு என்ற அளவில்தான் வேலை செய்யும், கம்பித் தடிமன் போல நான்கு மடங்காக அடிக்காது.

இரண்டாவது, வாய் அகலம். சும்மா வைத்திருக்கும்போது இரண்டு கைப்பிடிகளின் அடிமுனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி அது. ஸ்பிரிங் எவ்வளவு கோணம் திரும்புகிறதோ அவ்வளவு எதிர்க்கும். 64 மி.மீ. திறந்திருப்பதைவிட 70 மி.மீ. திறந்திருப்பது, மூடும் கடைசிப் புள்ளியில் ஏறத்தாழ 9 விழுக்காடு கூடுதலாக எதிர்க்கும். இதோடு மேலே சொன்ன 7 விழுக்காடும் ஒரே கிரிப்பரில் சேர்ந்துகொண்டால் மொத்தம் 17 விழுக்காடு. 45 கிலோ தொங்கவிட்டால் மூடும் கிரிப்பருக்குப் பக்கத்தில், அதே பெட்டி, அதே நம்பரோடு, 52 கிலோவைத் தாண்டிக் கேட்கும் கிரிப்பர் உட்கார்ந்திருக்கும். நான்கு தடவை மூடுகிறவர் கையில் மிச்சமிருக்கும் பலம் பொதுவாகப் பத்து விழுக்காட்டை ஒட்டித்தான் இருக்கும். இரண்டாவது ஏன் ஒரு தடவைகூட மூடவில்லை என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

மூன்றாவது, ஸ்பிரிங்கின் கால் கைப்பிடிக்குள் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பது. துளைக்குள் கால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூடுதலாக இறங்கினால் கைப்பிடி முழுவதுமே சுருளை நெருங்கிவிடும். உங்கள் விரல் பிடிக்கும் இடமும் சுருளை நெருங்கும், நெம்புகோல் குட்டையாகும். சுருள் மையத்திலிருந்து 12 செ.மீ. தள்ளி அழுத்துகிற இடத்தில் 3 மி.மீ. குறைந்தால் 2.5 விழுக்காடு கூடுதல் பலம் தேவைப்படும். இதைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். கிரிப்பரை மேசைமேல், சுருள் மேலே இருக்கும்படி, கைப்பிடி முனைகளில் நிற்கவையுங்கள். சுருள் நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்தால் இரண்டு காலும் ஒரே ஆழத்தில் இறங்கவில்லை என்று அர்த்தம்.

பலர் சொல்லும் ஒரு காரணத்தைத் தள்ளிவிடலாம்: “இதன் இரும்பு நன்றாக இறுகியிருக்கிறது, அதனால் கனம்.” பதப்படுத்தல் ஸ்பிரிங் எவ்வளவு வளைந்தும் பழைய நிலைக்குத் திரும்புமா என்பதைத் தீர்மானிக்கும். விறைப்பை அது ஏறக்குறைய மாற்றாது. சாதாரண ஸ்பிரிங் எஃகு வகைகள் எல்லாவற்றுக்கும் மீள்மை எண், அதாவது வளைப்பதை உலோகம் எவ்வளவு எதிர்க்கும் என்ற அளவு, கிட்டத்தட்ட ஒன்றுதான். பதம் சரியில்லாத ஸ்பிரிங் கனமாக இருக்காது. சில மாதங்களில் வாய் சுருங்கி இலேசாகிவிடும்.

இன்னொரு விஷயம், உங்கள் முதல் கிரிப்பர் பழகியது, இரண்டாவது புத்தம் புதிது. புது ஸ்பிரிங் முதல் ஐம்பது நூறு தடவை மூடும்போது கொஞ்சம் படியும், அதன்பிறகு நிலைத்துவிடும். புதியதை இரண்டு கையாலும் பிடித்து, ஐம்பது தடவை முழுக்க மூடித் திறந்துவிட்டு மறுபடி ஒப்பிடுங்கள். வித்தியாசம் சற்றுக் குறையும், மறையாது.

போலியா என்று பார்க்க வேண்டுமானால் சுருளின் சுற்றுகளை எண்ணுங்கள். இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். பொறிப்பெழுத்தின் ஆழம், கைப்பிடி வரிகளின் கூர்மை, துளையில் ஸ்பிரிங் கால் ஆடுகிறதா என்பதையும் பாருங்கள். கனமாக இருப்பது மட்டும் சாட்சியாகாது. இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் முனையில் ஒரு பொட்டு, இன்னொன்றில் இரண்டு பொட்டு நகப்பூச்சு வையுங்கள். ஒரே நம்பரில் இரண்டு படி கிடைத்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டால் வருத்தம் இருக்காது.

கேள்வி: கிரிப்பரின் உண்மையான கனத்தை வீட்டிலேயே அளக்க வழி உண்டா? அப்பாவின் பட்டறையில் வைஸ் (பொருளை இறுக்கிப் பிடிக்கும் இரும்புப் பிடி) இருக்கிறது. – வாசகர், ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: வைஸ் இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஒரு கைப்பிடியை அசையாமல் பிடித்துவைத்து, மற்றதன் முனையில் எடையைத் தொங்கவிட்டு, எத்தனை கிலோவில் இரண்டும் தொடுகின்றன என்று பார்ப்பதுதான் முறை. பிடி வலிமைப் போட்டிக்காரர்கள் கிரிப்பரைக் கனம் பிரிப்பதும் இப்படித்தான்.

வேண்டியவை: நடுவில் பள்ளம் வெட்டிய இரண்டு மரத்துண்டு, 25 மி.மீ. அகல நைலான் பட்டை, ஒரு சாண் நீளக் குறுக்குக் குச்சி, 20 லிட்டர் வாளி, ஜிம் தட்டு அல்லது 10 கிலோ அரிசிப் பை, குளியலறைத் தராசு, ஒரு துண்டு நாளிதழ்.

முதலில் சுருளுக்குள் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு இருபது தடவை மூடித் திறங்கள். காய்ந்த சுருள் ஒன்றோடொன்று உரசினால் அளவு பொய் சொல்லும். பிறகு கீழ்க் கைப்பிடியை மரத்துண்டுகளுக்கு நடுவே வைத்து வைஸில் இறுக்குங்கள். கைப்பிடி கிடைமட்டமாக இருக்கட்டும். அதன் சுருள் பக்கத்துப் பாதியை மட்டும் பிடியுங்கள், முனைப் பாதி வெளியே நீண்டிருக்கட்டும். மரத்துண்டு இல்லாமல் நேராக இறுக்கினால் அலுமினியக் கைப்பிடியில் வைஸின் பல் பதியும். உருண்டைக் கைப்பிடி சுழன்றும் விடும்.

மேல் கைப்பிடியின்மேல் பட்டையைப் போடுங்கள். பட்டையின் வெளி ஓரம் கைப்பிடி முனையோடு சரியாக நிற்க வேண்டும். பட்டையின் இரண்டு பக்கமும் கீழ்க் கைப்பிடியின் இருபுறமாக இறங்கும். அவை கீழ்க் கைப்பிடியை உரசாதபடி சற்றுக் கீழே குறுக்குக் குச்சியைச் செருகி அகட்டிவிடுங்கள். குச்சிக்குக் கீழே இரண்டு முனையையும் முடிந்து, அந்த முடிச்சில் எடையைத் தொங்கவிடுங்கள்.

தொடுகிறதா இல்லையா என்று கண்ணால் தீர்மானிக்க வேண்டாம். முனைகளுக்கு நடுவே நாளிதழ்க் கீற்றைத் தொங்கவிட்டு இலேசாக இழுத்துப் பாருங்கள். கீற்று வராமல் பிடித்துக்கொண்டால் மூடியாயிற்று. எதிர்பார்க்கும் எடைக்கு ஐந்தாறு கிலோ குறைவாகத் தட்டுகளை மாட்டிவிட்டு, மீதியை வாளியில் தண்ணீராக ஊற்றுங்கள். ஒரு லிட்டர் ஒரு கிலோ. கால் லிட்டர் கோப்பையால் ஊற்றினால் கால் கிலோ துல்லியம் கிடைக்கும்.  கடைசியில் பட்டை, குச்சி, தட்டு, வாளி, தண்ணீர் எல்லாவற்றையும் அப்படியே குளியலறைத் தராசில் ஏற்றி எழுதிக்கொள்ளுங்கள். தட்டில் போட்டிருக்கும் எண்ணை நம்பிக் கூட்டாதீர்கள், அதுவும் ஒரு நம்பர்தான். மூன்று தடவை செய்து நடு அளவை எடுங்கள்.

பிசகுவது பெரும்பாலும் பட்டை நகர்வதில்தான். சுருள் மையத்திலிருந்து 12 செ.மீ. தள்ளித் தொங்கும் பட்டை உள்பக்கம் 6 மி.மீ. நழுவினால் அளவு 5 விழுக்காடு கூடிவிடும். கைப்பிடியில் ஒரு சுற்று மின் நாடாவை ஒட்டித் தடை வையுங்கள். பட்டையின் அகலமும் முக்கியம். இன்று 25 மி.மீ. பட்டை, அடுத்த மாதம் 50 மி.மீ. பட்டை என்றால் இரண்டு அளவையும் ஒப்பிட முடியாது.

எடை தரையிலிருந்து நான்கைந்து செ.மீ. உயரத்தில் மட்டும் தொங்கட்டும், கீழே பழைய டயரோ சாக்கோ கிடக்கட்டும். வைஸிலிருந்து கிரிப்பர் கழன்றால் ஸ்பிரிங் அதைத் துப்பும். நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று, பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து ஊற்றுங்கள். செருப்புக் காலோடு இந்த வேலை வேண்டாம்.

கேள்வி: பாசார் மாலாமில் வாங்கிய, திருகு வைத்த பிளாஸ்டிக் கிரிப்பரை 60 கிலோவில் வைத்து முப்பது தடவை அழுத்துகிறேன். நண்பரிடமிருந்த கேப்டன்ஸ் ஆஃப் கிரஷ் 1-ஆம் எண் 140 பவுண்டு, அதாவது 63.5 கிலோதான். அதை ஒரு தடவைகூட மூட முடியவில்லை. மூன்றரைக் கிலோவுக்கா இவ்வளவு வித்தியாசம்? – வாசகர், பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

பதில்: இரண்டு எண்ணையும் கழிக்கவே கூடாது. எந்த இடத்தில் அழுத்தி அளந்தது என்று சொல்லாத கிலோவுக்குப் பொருள் இல்லை. கைப்பிடி முனையில் 35 கிலோ தொங்கவிட்டால் மூடும் கிரிப்பர், சுருளுக்குப் பாதித் தூரத்தில் தொங்கவிட்டால் 70 கிலோ கேட்கும். கதவைக் கைப்பிடிப் பக்கம் தள்ளுவதும் கீல் பக்கம் தள்ளுவதும் போல. ஒவ்வொரு தயாரிப்பாளரும் தனக்கென்று ஓர் இடமும் முறையும் வைத்திருக்கிறார்.

நீங்கள் சொன்ன வரிசை அமெரிக்காவின் அயன்மைண்ட் நிறுவனத்துடையது. அதில் 1-ஆம் எண் 140 பவுண்டு, 1.5 எண் 167.5, 2-ஆம் எண் 195, 2.5 எண் 237.5, 3-ஆம் எண் 280, 3.5 எண் 322.5, 4-ஆம் எண் 365. இவற்றை மேலே சொன்ன தொங்குமுறையில் அளந்தால் 1-ஆம் எண் சுமார் 35 கிலோவை ஒட்டியும், 2-ஆம் எண் 47-ஐ ஒட்டியும், 3-ஆம் எண் 67-ஐ ஒட்டியும் நிற்கும், ஒன்றுக்கொன்று ஏற்ற இறக்கத்தோடு. பவுண்டை அப்படியே கிலோவாக்கினால் 63.5, 88.5, 127 வருகிறதே என்று குழம்ப வேண்டாம். அளந்த இடம் வேறு, அவ்வளவுதான். அந்த வரிசைக்குள் ஒன்றைவிட ஒன்று கனம் என்று காட்டுவதே அந்த எண்ணின் வேலை. வரிசையைத் தாண்டி வெளியே வந்தால் அது வெறும் பெயர்.

3-ஆம் எண்ணை மூடியதற்கு முதலில் அங்கீகாரம் பெற்றவர் ரிச்சர்ட் சோரின், 1991-இல். 4-ஆம் எண்ணுக்கு முதல்வர் ஜோ கின்னி, 1998-இல். 60 கிலோ பிளாஸ்டிக்கை முப்பது தடவை அழுத்துகிறவர்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள். 1-ஆம் எண்ணை முதல் நாளே மூடுகிறவர்கள் குறைவு. உங்கள் கையில் கோளாறு ஒன்றும் இல்லை.

திருகு கிரிப்பரின் உள்வேலையையும் பாருங்கள். திருகைச் சுற்றும்போது ஸ்பிரிங் மாறுவதில்லை, அது கைப்பிடியில் ஊன்றும் இடம்தான் நகர்கிறது. ஊன்றும் இடம் நகரும்போது நெம்புகோல் நீளமும் கோணமும் சேர்ந்தே மாறும். ஆகவே எதிர்ப்பு சம அளவில் ஏறாது. ஓரத்தில் இருக்கும் கோடுகளோ 10, 20, 30 என்று சம தூரத்தில் அச்சடிக்கப்பட்டிருக்கும். 30 காட்டினால் 60-இன் பாதி என்று நினைக்க வேண்டாம். மேல் அளவிலேயே தினமும் அழுத்தினால் முதலில் போவது திருகின் பிளாஸ்டிக் மரை. அளவைத் திருகும் முன்னால் கைப்பிடியைத் தளர்வாக விடுங்கள், மரை கொஞ்ச காலம் கூட வரும்.

கேள்வி: என் 2-ஆம் எண் கிரிப்பரைத் திருப்பிப் பிடித்தால், அதாவது உள்ளங்கைக் கைப்பிடியை விரல் பக்கமாக மாற்றினால், இலேசாக இருக்கிறது. பிரமையா? – வாசகி, பாயான் லெப்பாஸ், பினாங்கு

பதில்: பிரமை இல்லை. ஸ்பிரிங்கின் ஒரு கால் சுருளின் முன்பக்கத்திலிருந்தும் மற்றது பின்பக்கத்திலிருந்தும் புறப்படுவதால், இரண்டு கைப்பிடியும் ஒரே தளத்தில் இருக்காது. சற்று முன்பின்னாக நிற்கும். கால் வளையும் இடமும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருப்பது அரிது. அதனால் ஒரு பக்கம் பிடித்தால் சுண்டுவிரல் முனையில் நன்றாக உட்காரும், மறுபக்கம் பிடித்தால் நழுவும். வைஸில் தொங்கவிட்டால் வித்தியாசம் தெரியாது, கையில்தான் தெரியும். வலக்கைக்கு ஒத்த பக்கம் இடக்கைக்கு எதிராகவும் அமையலாம். இரண்டு கையும் கண்ணாடிப் பிம்பம்தானே.

வேறு வேறு நாட்களில், களைப்பில்லாத கையால், இரண்டு பக்கமும் ஐந்தைந்து தடவை பாருங்கள். ஒத்த பக்கத்தின் உள்ளங்கைக் கைப்பிடியில் பொட்டு வைத்து, பயிற்சிக் குறிப்பு எழுதும்போது எப்போதும் அந்தப் பக்கமே பிடியுங்கள். பக்கத்தை மாற்றி மாற்றிப் பிடித்துவிட்டு “போன வாரம் மூடினேன், இந்த வாரம் மூடவில்லை” என்று கவலைப்படுகிறவர்கள் அதிகம்.

உள்ளங்கைக் கைப்பிடியைக் கட்டைவிரல் மேட்டின்மேல், அதன் அடிப்பகுதியை ஒட்டிச் சாய்வாக வையுங்கள். உள்ளங்கைக் குழியில் வைத்தால் விரல்களுக்கு நீளம் போதாமல் போகும். சுண்டுவிரல் கைப்பிடி முனையிலேயே நிற்கட்டும். கை முழுவதும் சுருள் பக்கம் 6 மி.மீ. ஏறிப் பிடித்தால், பட்டை நழுவியதற்குச் சொன்ன அதே கணக்கு இங்கேயும் வரும். கை சிறியதானால் வாய் அகலமான கிரிப்பர், தொங்கும் எடை குறைவாக இருந்தாலும், கனமாகவே தெரியும். வாங்கும் முன் அளவுகோலால் வாய் அகலத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இடக்கையால் பாதி மூடிவிட்டு வலக்கையால் மீதியை மூடினால் கணக்கில் சேராது என்கிறான் தம்பி. கடைசி அழுத்தம் ஒன்றுதானே? – வாசகர், பத்துமலை வட்டாரம்

பதில்: கடைசி அழுத்தம் ஒன்றுதான், அதில் நீங்கள் சொல்வது சரி. 70 மி.மீ. திறந்த கிரிப்பரில் 54 மி.மீ. இடைவெளி இருக்கும்போது கடைசி பலத்தில் 23 விழுக்காடுதான் வேண்டியிருக்கும். 20 மி.மீ. இடைவெளியில் 71, 10 மி.மீ. இடைவெளியில் 86 விழுக்காடு. ஆனால் பாதி மூடிய நிலையில் தொடங்கும்போது விரல்கள் ஏற்கெனவே மடங்கி, சுண்டுவிரலும் வளைத்துப் பிடித்த வசதியில் தொடங்குகின்றன. அகலத் திறந்த கைப்பிடியைச் சுண்டுவிரல் எட்டிப் பிடித்து இழுத்து வரும் சிரமம் அதில் இல்லை. ஒரே ஆளின் கையிலேயே ஒரு எண் வித்தியாசம் காட்டக்கூடிய சலுகை அது.

அதனால்தான் அயன்மைண்ட் அங்கீகாரத்தில் வங்கி அட்டையின் குறுகிய பக்கம் கைப்பிடிகளுக்கு நடுவே புகும் அளவு திறந்த நிலையிலிருந்து தொடங்க வேண்டும் என்பது விதி. அந்தப் பக்கம் 54 மி.மீ. மைகார்ட் அடையாள அட்டை, சாலைக் கட்டணத்துக்கான டச் அண்ட் கோ அட்டை எல்லாமே அதே அளவுதான். தம்பியை அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லுங்கள், தகராறு தீரும். பயிற்சியில் பாதி மூடித் தொடங்குவது தவறில்லை. குறிப்பில் ‘அட்டை’, ‘பாதி’ என்று எழுதிவைத்தால் போதும்.

கேள்வி: 2-ஆம் எண்ணை மூன்று தடவை மூடுகிறேன். 2.5 வாங்கி நான்கு மாதமாக அசையவில்லை. பயிற்சியில் தவறா? – வாசகர், செராஸ், கோலாலம்பூர்

பதில்: முதலில் இரண்டையும் தொங்கவிட்டு அளங்கள். 195-லிருந்து 237.5-க்கு 22 விழுக்காடு ஏற்றம். 237.5-லிருந்து 280-க்கு 18. ஒரே எண்ணுக்குள்ளேயே பத்துப் பதினைந்து விழுக்காடு ஏறி இறங்கும்போது, உங்கள் கையில் இருப்பது இலேசான 2-ஆம் எண்ணும் கனமான 2.5-ம் என்றால் நடுவில் இருப்பது ஒரு படி இல்லை, ஒன்றரைப் படி. நண்பர் ஒருவர் அதே தாவலைச் சில வாரங்களில் தாண்டியிருப்பார். அவருடையது கனமான 2-ஆம் எண்ணும் இலேசான 2.5-மாக இருந்திருக்கும். இரண்டு பேரும் பெட்டியைப் பார்த்துப் பேசினால் ஒருவர் பலசாலி, ஒருவர் சோம்பேறி என்று முடிந்துவிடும்.

அளந்து பார்த்து இடைவெளி 15 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால், நடுவில் விழும் இன்னொரு கிரிப்பரைத் தேடுங்கள். நண்பர்களின் 2-ஆம் எண்களில் கனமான ஒன்றைக் கடன் வாங்கினாலும் போதும். அது கிடைக்கும்வரை ஹோஸ் கிளிப், அதாவது குழாயை இறுக்கும் திருகு வளையம், கைகொடுக்கும். இரும்புக் கடையில் சில வெள்ளிக்குக் கிடைப்பதுதான். அதை 2.5-இன் இரண்டு கைப்பிடியையும் சேர்த்துச் சுற்றி, முனை இடைவெளி 20 மி.மீ. வரும்வரை திருகி இறுக்குங்கள். விரல் படாத மேல்பகுதியில், சுருளுக்குப் பக்கமாக மாட்டினால் கை வெட்டாது. அந்த 20 மி.மீ.-லிருந்து எவ்வளவு மூட முடிகிறதோ அவ்வளவு மூடி 5 வினாடி பிடித்திருங்கள். ஒரு கைக்கு ஐந்தாறு முயற்சி, நடுவே 2 நிமிட ஓய்வு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கிளிப்பை ஒரு சுற்றுத் தளர்த்துங்கள்.

வாரத்தில் இரண்டு நாள் போதும். தொடக்கத்தில் இலேசான கிரிப்பரில் பத்துத் தடவை, பிறகு உங்கள் 2-ஆம் எண்ணில் அட்டை வைத்து ஒவ்வொன்றாக ஐந்து மூடல், அதன்பின் கிளிப் வேலை. முடிவில் விரல்களைச் சுற்றி ரப்பர் வளையம் போட்டு 25 தடவை விரியுங்கள். மூடுகிற தசை மட்டுமே வளர்ந்தால் முழங்கையின் உள்பக்கம் வலிக்கத் தொடங்கும். அந்த வலி வந்தால் கிரிப்பரைக் கீழே வையுங்கள், வலியோடு போராட வேண்டாம். மூச்சை அடக்கி முக்குவதும் கூடாது, இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குக் கண்டிப்பாகக் கூடாது.

கேள்வி: கடலைப் பார்த்த அடுக்குமாடி. கிரிப்பர் மூன்று மாதத்தில் துரு ஏறி, மூடும்போது கிறீச்சிடுகிறது. முன்பைவிடக் கனமாகவும் தெரிகிறது. – வாசகர், தஞ்சோங் பூங்கா, பினாங்கு

பதில்: கிறீச்சென்ற சத்தம் சுருள்கள் ஒன்றோடொன்று உரசும் சத்தம். அந்த உராய்வையும் சேர்த்துத்தான் நீங்கள் மூடுகிறீர்கள். பழைய பல் துலக்கியால் துருத்தூளைத் தட்டிவிட்டு, தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு சுருள்களுக்கு நடுவே விட்டு, முப்பது தடவை மூடித் திறந்து, வழிந்ததைத் துடையுங்கள். தெளிக்கும் துருநீக்கி அழுக்கைக் கழுவும், ஆனால் சீக்கிரம் உலர்ந்துவிடும். அதற்குமேல் எண்ணெய் விட்டுத்தான் ஆக வேண்டும். கைப்பிடி வரிகளில் எண்ணெய் பட்டால் பாத்திர சோப்பால் கழுவித் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கை நழுவும்.

கடற்காற்றோடு கை வேர்வையின் உப்பும் எதிரிதான். பயிற்சி முடிந்ததும் சுருளைத் துடைத்து, மாத்திரைப் புட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு டப்பாவில் மூடிவையுங்கள். மேல்துரு பரவாயில்லை. சுரண்டிய பிறகு ஊசிமுனைக் குழிகள் தெரிந்தால், அதுவும் கால் கைப்பிடிக்குள் நுழையும் இடத்தில் தெரிந்தால், அந்தக் கிரிப்பரை விட்டுவிடுங்கள். ஸ்பிரிங் விரிசல் விடுவது அத்தகைய குழியிலிருந்துதான்.

கேள்வி: ஏர்கான் ஜிம்மில் ஸ்பிரிங் இறுகிவிடுகிறது என்கிறார் பயிற்சியாளர். – வாசகர், பட்டர்வொர்த்

பதில்: 10 டிகிரி குளிர்ந்தால் எஃகின் விறைப்பு சுமார் 0.3 விழுக்காடு கூடும். 50 கிலோவில் 150 கிராம். அது கைக்குத் தெரியாது. குளிர்ந்த விரல் பலம் காட்டாது என்பது வேறு. வெளியே வேர்வையில் நழுவும், அதற்கு மெக்னீசியம் கார்பனேட் பொடி போடுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 71 வயது. அரசாங்க கிளினிக்கில் ஒரு கருவியை அழுத்தச் சொன்னார்கள், 16.5 கிலோ வந்தது. 10 கிலோ கிரிப்பர் வாங்கிக் கொடுக்கலாமா? – வாசகி, பிறை, பினாங்கு

பதில்: கிளினிக்கில் இருந்தது டைனமோமீட்டர். அதன் பிடி ஏறக்குறைய நகராது. ஒரே இடைவெளியில் நின்றபடி நீங்கள் அழுத்தும் பலத்தை மட்டும் சொல்லும். கிரிப்பரின் கிலோவோடு அதை ஒப்பிட வழியே இல்லை. 16.5 வந்தவரால் ‘10 கிலோ’ என்று போட்ட கிரிப்பரை மூட முடியும் என்றும் சொல்ல முடியாது, முடியாது என்றும் சொல்ல முடியாது.

ஆனால் அந்த 16.5-ஐ அலட்சியமாக விட வேண்டாம். ஆசியத் தசைக்குறைவு ஆய்வுக் குழுவின் 2019 வரையறையில் பெண்களுக்கு 18 கிலோவுக்குக் கீழும் ஆண்களுக்கு 28 கிலோவுக்குக் கீழும் பிடி வலிமை குறைவு. கை பலம் அங்கே உடல் முழுவதன் தசைக்கு ஓர் அடையாளமாகத்தான் பார்க்கப்படுகிறது. கையை மட்டும் பயிற்றினால் கருவியின் எண் ஏறும், கால் தசை அப்படியே இருக்கும். அதே வரையறையில் நாற்காலியிலிருந்து கையூன்றாமல் ஐந்து தடவை எழுந்து உட்கார 12 வினாடியோ அதற்கு மேலோ ஆவதும் ஒரு குறி. அம்மாவுக்கு அதைப் பார்த்துவிட்டு, இரண்டு அளவையும் எழுதிக்கொண்டு மறுபடி டாக்டரிடம் போங்கள். சாப்பாட்டில் புரதம் போதுமா என்பதையும் அங்கேயே கேட்டுவிடலாம். கைக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்றால், சுருட்டிய துண்டை நனைத்துப் பிழிவது நல்லது. விரல் மூட்டு வீங்கியிருந்தாலோ, விரல் மடங்கி ‘டக்’கென்று மாட்டிக்கொண்டாலோ அதுவும் வேண்டாம்.

கேள்வி: அளந்த சீட்டோடு பழைய கிரிப்பர் விற்கிறார்கள். புதியதைவிட 40 வெள்ளி கூட. வாங்கலாமா? – வாசகர், கிள்ளான் சாலை, கோலாலம்பூர்

பதில்: சீட்டில் பட்டை அகலம், பட்டை நின்ற இடம், அளந்த தேதி மூன்றும் இருந்தால் யோசிக்கலாம். வெறும் கிலோ மட்டும் எழுதியிருந்தால் பெட்டி எண்ணுக்கும் அதற்கும் வித்தியாசமில்லை. அளந்த பிறகு கைப்பிடியை அரத்தால் ராவியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். முனைகள் தொடும் இடம் தட்டையாக, வரி அழிந்து இருந்தால் ராவியதுதான். இன்னும் ஆழமாக அழுத்திப் பழகுவதற்காகச் சிலர் அப்படிச் செய்வார்கள். ராவிய கிரிப்பர் தொடுவதற்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கூடுதலாக மூட வேண்டும், பழைய சீட்டு அதற்குப் பொருந்தாது. விற்பவர் சம்மதித்தால், வைஸ் உள்ள ஒருவர் வீட்டில் வைத்துத் தொங்கவிட்டுப் பார்த்துவிட்டே பணம் கொடுங்கள்.